வண்ணமும் வாய்ப்பும்
மாணவர் கலைப்போட்டிகளின் வரலாறும் நம் கடமையும்

முன்னுரை

வெள்ளிவிழாக் கொண்டாடும் கல்விச் சங்கம் ஒன்று மாணவர்க்கு ஓவியப் போட்டி நடத்துவது வியப்புக்குரிய செய்தியன்று. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி என்னும் மூன்றும் நம் நாட்டு விழாக்களின் வழக்கமான உறுப்புகள். அவற்றுள்ளும் ஓவியப் போட்டி எளிதானது என்பது பலர் எண்ணம். ஒரு மண்டபம், சில கட்டுத் தாள்கள், இரண்டு நடுவர்கள், மூன்று பரிசுகள். இவை இருப்பின் போதும் என்பர்.

ஆயின், வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு இஃது அத்துணை எளிய செயலாகத் தோன்றாது. எந்தக் கைக்குத் தூரிகை கிடைத்தது, எந்தக் கைக்குக் கிடைக்கவில்லை என்பதே கலைப்போட்டிகளின் வரலாறு. போட்டி என்பது திறமையை அளக்கும் கருவி என்கிறோம். அளக்கும் கோல் நேராக இல்லையெனின் அது திறமையை அளவாது. பெற்றோரின் வருவாயை அளக்கும். ஆதலின், ஒரு போட்டியின் நீதி அதன் பரிசளிப்பில் இல்லை. அதன் விதிகளில் இருக்கிறது. இவ்வுண்மையை வரலாற்றின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிராட்வேயில் தோன்றிய கலைப்பள்ளி

இராயபுரத்திலிருந்து நடந்து சென்றடையும் தொலைவில் உள்ளது பிராட்வே. அங்கே 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் தம் சொந்தப் பொறுப்பில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் மேனாட்டு முறையில் அமைந்த கலைப்பள்ளிகளுள் இதுவே மிகப் பழையது. அடுத்த ஆண்டில் தொழிற்பிரிவு ஒன்றும் சேர்க்கப்பட்டது. பின்னர்ப் பள்ளி பூவிருந்தவல்லி நெடுஞ்சாலைக்கு மாறியது. 1855இல் அரசாங்கம் அதனை ஏற்றது. இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என வழங்குவது அதுவே.

அக்காலத்தில் அரசாங்கம் கலையை ஊக்கிய முறை கண்காட்சியாகும். 1855இலும் 1857இலும் சென்னையில் பெரும் பொருட்காட்சிகள் நடந்தன. விளைபொருள்களும் கைவினைப் பொருள்களும் வரிசையாக வைக்கப்பட்டு, சிறந்தவற்றுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. 1873இல் சென்னையில் நடந்த நுண்கலைக் கண்காட்சியில் திருவாங்கூர் ஓவியர் இரவிவர்மா ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றதும், அப்பதக்கமே அவர் புகழுக்கு வாயிலானதும் பலரும் அறிந்தவை.

கண்காட்சி முறையின் இயல்பு யாது? முடிந்த பொருள் மட்டுமே நடுவர் கண்முன் வரும். அதனை ஆக்கியவன் எத்தனை நாள் உழைத்தான், எத்தகைய வண்ணம் வாங்கினான், யாரிடம் பயின்றான் என்பவை கணக்கில் வாரா. ஓய்வும் ஆசிரியனும் பொருளும் உடையவனே அங்குப் போட்டியிட இயலும். இக்கண்காட்சி முறை பள்ளிப் போட்டிகளிலும் புகுந்து, இன்றளவும் நிலைபெற்றிருப்பதைப் பின்னர்க் காண்போம்.

அதே காலத்தில் வடசென்னையில் நடந்தவற்றையும் நினைவுகூர்தல் வேண்டும். 1856இல் தென்னாட்டின் முதல் புகைவண்டி இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாசா சாலைக்குப் புறப்பட்டது. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மண் சுமந்த கைகளும் கல் உடைத்த கைகளும் மூட்டை தூக்கிய கைகளும் யாருடையவை என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. நெசவு, தோல்வினை, பறை கட்டுதல், கட்டட வேலை ஆகிய கைத்திறன்கள் பலவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த மக்கள் நம் மக்கள். ஆயினும், அவர்தம் கைத்திறன் 'தொழில்' எனப்பட்டது, இழிவும் சேர்க்கப்பட்டது. 'கலை' என்னும் பெயர் வேறு கைகளுக்கு வழங்கப்பட்டது. இப்பாகுபாட்டை உடைப்பதற்கு வாயில் கல்வியே.

சேரிப் பள்ளிகளில் கைவேலை

ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி வரலாற்றில் 1890களின் பத்தாண்டு சிறப்பு வாய்ந்தது. செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டர் திரமென்கீர் பறையர் நிலைமை குறித்து அளித்த அறிக்கை அரசாங்கத்தின் கவனத்தை ஈர்த்தது. 1893இல் பஞ்சமர் கல்வி பற்றிச் சென்னை அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. அதே ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றின் அருகே ஊரூரில் இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார்; நகரின் வேறு சில சேரிகளிலும் இத்தகைய பள்ளிகள் பின்னர் எழுந்தன. பண்டிதர் அயோத்திதாசர் ஆல்காட்டுடன் 1898இல் இலங்கை சென்று மீண்டு, சாக்கிய பௌத்த சங்கம் கண்டதும் அக்காலத்தே.

அப்பள்ளிகளைப் பற்றி நம் கட்டுரைக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவை எழுத்தும் எண்ணும் மட்டும் கற்பித்த பள்ளிகள் அல்ல. செருமானிய அறிஞர் புரோபெல் வகுத்த குழந்தைத்தோட்டக் கல்விமுறை அங்குக் கையாளப்பட்டது. அம்முறையின் உயிர் கைவேலையே. களிமண் பிசைதல், தாள் மடித்தல், வடிவங்களை அடுக்குதல், கோடு வரைதல் ஆகியவற்றின் வாயிலாகவே குழந்தை சிந்திக்கக் கற்கிறது என்பது புரோபெலின் கொள்கை. அப்பள்ளிகளிற் பணியாற்றிய கோர்ட்ரைட் அம்மையார் தாம் கற்பித்த முறையை விளக்கி 1906இல் ஒரு நூலே எழுதினார். உயர்ந்தோர் வீட்டுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டிருந்த நாளில், சென்னைச் சேரிப் பிள்ளைகள் சிலர் உலகின் புதிய கல்விமுறையிற் பயின்றனர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

தமிழகத்திலும் வெளியிலும் நம் தலைவர்கள் கண்ட கல்வி அமைப்புகளும் இப்பரந்த நோக்கையே கொண்டிருந்தன. 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்விப்பணி தொடங்கினார். 1924இல் பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை மாணவர் விடுதியோடு படிப்பகமும் நடத்தியது. அண்ணலே தம் பிற்கால வாழ்வில் வயலினும் ஓவியமும் பயின்றார் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். அரசியலமைப்பை வகுத்த கை தூரிகையையும் விரும்பி ஏந்தியது. கலை என்பது வயிறு நிறைந்தபின் வரும் பொழுதுபோக்கு என்னும் கருத்துக்கு இதனினும் சிறந்த மறுப்பு வேண்டுமோ?

வியன்னாவிலிருந்து தில்லி வரை

குழந்தையின் ஓவியத்தைப் பெரியவர் ஓவியத்தின் குறைபட்ட படியாகக் கருதுவதே உலக வழக்காக இருந்தது. இதனை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரிய நாட்டு ஆசிரியர் பிரான்ஸ் சிசெக். 1897இல் அவர் வியன்னா நகரில் சிறுவர்க்கெனக் கலை வகுப்புத் தொடங்கினார். பிறர் படத்தைப் பார்த்து எழுதும் பழக்கத்தை விலக்கி, குழந்தை தன் மனத்தில் உள்ளதைத் தானே வரைய விட்டார். முதல் உலகப் போருக்குப் பின், 1920இல், அவர் மாணவர்களின் ஓவியங்கள் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பசியால் வாடிய குழந்தைகளுக்கு உதவி திரட்டவும் அக்காட்சிகள் பயன்பட்டன. குழந்தைக்கெனத் தனிக் கலை உண்டு என்னும் எண்ணம் அதன்பின் நாடுதோறும் பரவிற்று.

இந்தியாவில் அவ்வெண்ணத்தைப் போட்டியின் வடிவில் நிலைநாட்டியவர் கேலிச்சித்திர ஓவியர் சங்கர். கேரளத்தின் காயங்குளத்தில் 1902இல் பிறந்த இவர், 1948இல் தில்லியில் 'சங்கர்ஸ் வீக்லி' என்னும் வார இதழைத் தொடங்கினார். அதன் சார்பில் 1949இல் இந்தியச் சிறுவர்க்கு ஓவிய, எழுத்துப் போட்டி அறிவித்தார். அடுத்த ஆண்டு முதல் அது உலகச் சிறுவர் அனைவர்க்கும் உரிய போட்டியாயிற்று. பரிசு பெற்ற படைப்புகள் தனி மலராக அச்சிடப்பட்டன. 1957இல் சங்கர் குழந்தைகள் புத்தக நிறுவனத்தையும் அமைத்தார். வார இதழ் 1975இல் நின்றது. 1989இல் சங்கரும் மறைந்தார். ஆயினும், அவர் தொடங்கிய போட்டி அவருக்குப் பின்னும் நடந்துவந்தது.

அப்போட்டியில் நாம் கற்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. முதலில் அமைந்தது அஞ்சல் வழிப் போட்டி. எந்தச் சிற்றூர்ச் சிறுவனும் தன் படத்தை உறையிலிட்டு அனுப்பலாம். தொலைவு அவனைத் தடுக்காது. ஆனால், அப்படத்தில் தந்தையின் கை எவ்வளவு, ஆசிரியரின் கை எவ்வளவு, விலையுயர்ந்த வண்ணத்தின் பங்கு எவ்வளவு என்பதை உறை சொல்லாது. 1952இல் சங்கர் தில்லியில் நேர்முகப் போட்டியையும் தொடங்கினார். சிறுவர்கள் ஒரு திடலில் கூடி, அங்கேயே அமர்ந்து, குறித்த நேரத்துக்குள் வரைந்தனர். இங்கே கை குழந்தையின் கையே என்பது உறுதி. ஆனால், திடலுக்கு வந்துசேரக்கூடிய குழந்தைக்கே இவ்வாய்ப்பு.

எனவே, ஒவ்வொரு முறையும் ஒரு கதவைத் திறந்து மற்றொன்றைச் சாத்துகிறது. அஞ்சல் முறை தொலைவை வென்றது; செல்வ வேறுபாட்டை வெல்லவில்லை. நேர்முக முறை பிறர் உதவியை விலக்கியது, தொலைவை விலக்கவில்லை. இரண்டின் நன்மையையும் சேர்த்துப் பெறுவது எப்படி என்பதே போட்டி நடத்துவோர் எண்ண வேண்டிய வினா.

அரசின் முயற்சிகளும் எஞ்சிய குறையும்

அண்மைக் காலத்தில் அரசுகளும் இத்துறையில் முனைந்துள்ளன. நடுவணரசு 2015இல் உயர்நிலை, மேல்நிலை மாணவர்க்கெனக் கலா உத்சவ் போட்டிகளைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித்துறை 2022-23ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்க்குக் கலைத் திருவிழாவை அறிமுகம் செய்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வோர் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகப் போட்டியிட்டனர். மாநில அளவில் வென்றோர் கலையரசன், கலையரசி எனச் சிறப்பிக்கப்பட்டனர். போட்டி பள்ளியிலிருந்தே தொடங்குவதால், குழந்தை இருக்குமிடத்திற்கே திடல் வந்துவிடுகிறது. சங்கரின் இரு முறைகளுக்கும் இடைப்பட்ட நல்ல வழி இது எனலாம்.

ஆயின், போட்டிக்கு முன்னே பயிற்சி வேண்டுமன்றோ? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் உள்ள பள்ளிகளுக்குக் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்றது. அதன்படி 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். தொடக்கப் பள்ளிக்கு அச்சட்டம் இத்தகைய ஆசிரியரைக் கேட்கவில்லை. குழந்தை அஞ்சாமல் வரையும் பருவம் ஐந்து முதல் பத்து வயது வரையாகும். அப்பருவத்தில்தான் ஓவிய ஆசிரியர் இல்லை! தனியார் பள்ளியில் பயிலும் குழந்தைக்கு வாரந்தோறும் ஓவிய வகுப்பு, மாலையில் தனிப்பயிற்சி. மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் பயிலும் குழந்தைக்குத் தலைமையாசிரியரின் ஆர்வமே துணை. இருவரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து போட்டியிடும்போது, 'எல்லார்க்கும் ஒரே விதி' என்று நாம் கூறுகிறோம்.

சென்னை நகரின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு விடை உண்டு. 1920இல், தியாகராயர் நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியின் நகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிக்கப்பட்டது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அன்றைய நகராட்சி உணர்ந்தது. காமராசர் ஆட்சியில் 1956இலும் எம்.ஜி.ஆர் ஆட்சியில் 1982இலும் அத்திட்டம் மாநிலமெங்கும் விரிந்தது. உணவைத் தொடர்ந்து சீருடை, பாடநூல், காலணி ஆகியவையும், தொடக்க வகுப்புகளுக்குக் கிரேயானும் வண்ணப் பென்சிலும் விலையின்றி வந்தன. முதலில் தடையை நீக்கு, பின்னர்த் திறமையை எதிர்பார் என்பதே அவ்வரலாறு கற்பிக்கும் நெறி. இந்நெறியைப் போட்டிகளுக்கும் பொருத்திக் காணல் வேண்டும்.

இராயபுரத்தில் இல்லாத மலை

நம் பகுதியில் ஓவியப் போட்டி நடக்கும்போதெல்லாம் காணக்கூடிய படம் ஒன்றுண்டு. இரண்டு மலைகள், அவற்றின் நடுவே பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. வரைந்த பிள்ளை வாழ்வது இராயபுரத்தில். இங்கே மலை இல்லை. சூரியன் கடலிலிருந்து, காசிமேட்டு விசைப்படகுகளின் பின்னிருந்து எழுகிறது. அதனை நாள்தோறும் காணும் பிள்ளை ஏன் காணாத மலையை வரைகிறது?

காரணம் திறமைக் குறைவன்று. 'படம்' என்றால் அதுவே என்று பிள்ளைக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. தன் தெரு படத்திற்கு உரியதன்று என்றும் சொல்லாமலே கற்பிக்கப்பட்டிருக்கிறது. குழாயடி வரிசை, மீன்கூடை, கண்டெய்னர் லாரி, கூட்ஸ் வண்டி கடக்கும் கேட், எண்ணூரில் 1970 முதல் 2017 வரை நின்றியங்கிய அனல்மின் நிலையம், கொசத்தலை ஆற்றின் முகத்துவாரம், 2023 திசம்பர் வெள்ளத்தில் அம்முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய், அதனை வாளியால் அள்ளிய மீனவர் ஆகிய அனைத்தும் இவ்வட்டாரக் குழந்தையின் கண் அறிந்தவை. அவை தாளில் வருவதில்லை. தன் வீட்டையும் தன் பெற்றோரின் தொழிலையும் வரைந்தால் பிறர் நகைப்பரோ என்னும் கூச்சமும் அதனுள் இருக்கிறது. சாதி என்பது பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும் இருப்பதன்று; குழந்தை எதை வரையத் துணிகிறது, எதை வரைய நாணுகிறது என்பதிலும் அது தங்கியிருக்கிறது.

இந்நாணத்தை நீக்க நம் நகரிலேயே ஒரு சான்று நிற்கிறது. கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை 1929இல் ஏற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. நான்கு மனிதர் ஒரு பாறையை நெம்புகின்றனர். உடலில் ஆடை மிகச் சிறிது. நரம்பும் தசையும் முறுகி நிற்கின்றன. அச்சிலைக்கு மாதிரியாக நின்றவர்களுள் ஒருவர் கலைப்பள்ளியிலேயே காவலராகப் பணியாற்றியவர் என்பர். அரசரோ தெய்வமோ அல்லர், கல் நகர்த்தும் கூலியாளரே கலைக்குரிய பொருள் என்பதை அவ்வெண்கலம் பறைசாற்றுகிறது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் பேரப்பிள்ளை தன் பாட்டனாரை வரைவதற்கு இதனினும் பெரிய முன்மாதிரி வேண்டுவதில்லை.

போட்டி நடத்தும் முறை

வரலாறு காட்டும் இவ்வுண்மைகளை விதிகளாக மாற்றுவது நம் பொறுப்பு. வெள்ளிவிழா ஆண்டில் நம் வட்டாரத்தில் போட்டி நடத்துவோர் கருத வேண்டியவை சிலவற்றை ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது, இடம். ஒரே மண்டபத்தில் அனைவரையும் கூட்டுதல் விழாவுக்கு அழகு, பிள்ளைகளுக்கு இடர். கல்மண்டபம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என ஒவ்வோரிடத்தும் ஒரு பள்ளியில் ஒரே நாளில், ஒரே நேரத்தில் நடத்துதல் நன்று. பேருந்துக் கட்டணமும் உடன்வர ஆளும் இல்லாத குழந்தை அப்போதுதான் வரும்.

இரண்டாவது, பொருள். வண்ணங்களை வீட்டிலிருந்து கொண்டுவருக என்னும் வரி அறிவிப்பில் இடம்பெறலாகாது. ஒரே அளவுத் தாள், ஒரே வகைக் கிரேயான் பெட்டி எல்லார்க்கும் சங்கமே வழங்க வேண்டும். பரீட்சை அட்டையும் இல்லாத பிள்ளைக்கு அட்டையும் தர வேண்டும். சொந்தப் பெட்டியைப் பயன்படுத்த எவரையும் அனுமதித்தலாகாது. போட்டி முடிந்தபின் அந்த வண்ணப் பெட்டி குழந்தைக்கே உரியதாகட்டும். பரிசு பெறாத பிள்ளையும் மறுநாள் வரையும். போட்டியின் உண்மைப் பயன் அந்த மறுநாளில்தான் தொடங்குகிறது.

மூன்றாவது, சேர்க்கை. வகுப்பால் பிரிக்காமல் வயதால் பிரித்தல் வேண்டும். தாமதமாகப் பள்ளி சேர்ந்தோரும் இடையில் நின்றோரும் நம் தெருக்களில் உளர். பள்ளிச் சான்று கேட்டால் அவர்கள் வாயிலிலேயே நின்றுவிடுவர். பெண் குழந்தைகளின் நிலையையும் எண்ணுதல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்ணுக்கே. அச்சிறு குழந்தைகளும் அமர்ந்து கிறுக்க ஒரு பாயும் சில தாள்களும் தனியே வைத்தால், அக்காவும் போட்டிக்கு வருவாள்.

நான்காவது, தலைப்பு. 'இயற்கைக் காட்சி' என்று அறிவித்தால் இரண்டு மலைகள் வரும் என்பது உறுதி. 'எங்கள் தெருவில் விடியற்காலை', 'என் வீட்டில் வேலை செய்யும் கைகள்', 'நான் அஞ்சிய ஒரு நாள்' என்பன போன்ற தலைப்புகள் குழந்தையைத் தன் நினைவிடம் அழைத்துச் செல்லும். விரும்பியதை வரையும் உரிமையும் ஒரு தலைப்பாக இருக்க வேண்டும். ஏனெனில், துயரை மட்டுமே வரைக என்று ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தையைப் பணிப்பதும் ஒருவகை அடக்குமுறையே. பட்டாம்பூச்சி வரைய விழையும் பிள்ளை பட்டாம்பூச்சியை வரையட்டும்.

ஐந்தாவது, பெயர் மறைத்தல். பொதுத்தேர்வு விடைத்தாளில் மாணவர் பெயர் திருத்துவோர்க்குத் தெரிவதில்லை. ஓவியத்துக்கும் அம்முறை வேண்டும். தாளின் பின்புறம் எண் மட்டும் இருக்கட்டும். பெயர், பள்ளி, தந்தை பெயர், முகவரி ஆகியவை தனிப் பதிவேட்டில் இருக்கட்டும். பெயரும் முகவரியும் நம் நாட்டில் பலவற்றைச் சொல்லிவிடும் என்பதை நாம் அறிவோம்.

ஆறாவது, நடுவர். ஓவியர் ஒருவர், தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர், அப்பகுதி மக்களுள் ஒருவர் என மூவர் இருத்தல் நலம். தூய்மையான கோட்டையும் நிரப்பிய வண்ணத்தையும் மட்டும் தேடும் கண்ணுக்குப் பயிற்சி பெற்ற கை மட்டுமே தெரியும். இக்குழந்தை எதைத் தானே கண்டது, எதனைத் தன் வழியில் சொன்னது என்று கேட்கும் கண்ணுக்கே பயிற்சி பெறாத திறமை தெரியும். மூவரும் முதலில் தனித்தனியே தெரிந்தெடுத்து, பின்னர்க் கூடிப் பேசி முடிவு செய்வார்களாக. தேர்ந்ததற்குரிய காரணத்தை இரண்டு வரியில் எழுதி வைத்தால், பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் அதுவே ஒரு பாடமாகும்.

ஏழாவது, காட்சி. மூன்று பேர்க்குப் பரிசளித்து முந்நூறு படங்களைக் கட்டி மூலையில் போடுவது பெரும் பிழை. எல்லாப் படங்களும் ஒரு நாளேனும் சுவரில் தொங்க வேண்டும். வேலைக்குச் செல்லும் பெற்றோர் வந்து காணுமாறு அது மாலை நேரமாக இருக்க வேண்டும். தம் பிள்ளையின் பெயர் எழுதிய படத்தின்முன் ஒரு தாய் நிற்கும் பொழுது, பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த தயக்கம் சற்றே குறையும். காட்சி முடிந்ததும் படம் குழந்தைக்குத் திருப்பித் தரப்பட வேண்டும். அது குழந்தையின் உடைமை.

முடிவுரை

1850இல் பிராட்வேயில் கலைப்பள்ளி திறந்தபோது அதன் வாயிலைக் கடந்து மூட்டை சுமந்து சென்றோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று கல்விச் சங்கம் அமைத்து இருபத்தைந்து ஆண்டுகள் நடத்தி, வெள்ளிவிழா மலர் வெளியிடும் நிலைக்கு உயர்ந்துள்ளனர். இவ்வுயர்வு எவரும் இரங்கி அளித்ததன்று. சேரிப் பள்ளிகளும் இரவுப் பள்ளிகளும் விடுதிகளும் கட்டி எழுப்பியது.

கல்வியால் நாம் பெற்றவை மிகுதி: எழுத்து, பட்டம், பணி, வாக்கின் வலிமை. இவற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தன் வாழ்வைத் தானே பார்த்து, தானே சொல்லும் துணிவு அது. நம்மைப் பற்றிப் பிறர் வரைந்த படங்கள் நெடுங்காலம் உலவின. நம் படத்தை நாமே வரைய வேண்டிய காலம் இது. அதன் முதற்கோடு ஒரு மாநகராட்சிப் பள்ளியின் தரையில் அமர்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தையின் கையில் இருக்கிறது. அக்கைக்கு வண்ணம் கொடுப்பதும், நேர்மையான விதி கொடுப்பதும் நம் கடன்.

நல்ல விதிகளோடு நடக்கும் சிறு போட்டி, தவறான விதிகளோடு நடக்கும் பெருவிழாவினும் சிறந்தது. நம் சங்கம் தன் இருபத்தாறாம் ஆண்டை அத்தகைய போட்டி ஒன்றோடு தொடங்குமாயின், பொன்விழா மலருக்கு அட்டைப்படம் வரைய வெளியே ஆள் தேட வேண்டிய தேவை இராது.

வாழ்க நம் குழந்தைகள்! வளர்க அவர்தம் கலை!